பின்வாசல் பெருந்தகைகளுக்கு ஒரு பாராட்டு மடல்

வீட்டுக்கு வீடு பரண் விளிம்பிலும் டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னாலும் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியிலும் தொங்கி, பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும் வயர்லெஸ் ரவுட்டர்களைச் செய்து உலகுக்கு வழங்கும் மேன்மைதங்கிய கம்பெனிகளே, வணக்கம்.

எங்கள் ஊரில் தாசில்தார் மாறுதலாகிப் போனால்கூட ஒரு வாழ்த்து மடல் அச்சடித்து, சட்டம் போட்டு, மைக் கரகரக்க மேடையில் வாசித்துக் கொடுப்பது வழக்கம். அவர் நல்லவரா என்பதெல்லாம் அப்போது கேள்வியில்லை. மடலில் அவர் கர்ணன், பாரி, இமயம், எவரெஸ்ட். இருபது வருஷத்துக்கு மேலாக எங்கள் வீட்டு இணையத்தின் வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு மட்டும் இதுவரை யாரும் ஒரு மடல் வாசிக்கவில்லை. அந்தக் குறை தீரவே இது. பட்டங்கள் உண்டு. பொன்னாடை மட்டும் இல்லை. அதற்கு வைத்திருந்த காசில்தான் நீங்கள் சொன்னபடி பழைய ரவுட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினோம்.

முதல் மரியாதை லிங்க்ஸிஸுக்கு. பட்டம்: கொடைவள்ளல். 2002 டிசம்பரில் டபிள்யூஆர்டி54ஜி என்ற பெட்டியை இறக்கினீர்கள். நீலமும் கறுப்பும், முதுகில் இரண்டு கொம்பு. வயிற்றுக்குள் ஓடியது லினக்ஸ். லினக்ஸ் இலவசம்தான், ஆனால் சும்மா இல்லை. அதைப் பெட்டியில் போட்டு விற்றால், வாங்கியவன் கேட்கும்போது மூலநிரலைக் கையில் கொடுக்க வேண்டும். ஜிபிஎல் உரிமத்தின் சாரம் அவ்வளவே. உங்கள் காதில் ‘இலவசம்’ வரைக்கும்தான் விழுந்தது. 2003 ஜூனில் விவரம் தெரிந்தவர்கள் பெட்டியைக் குடைந்து பார்த்துவிட்டு, இது எங்கள் சரக்கு, மூலநிரல் எங்கே என்று கேட்டார்கள். சிஸ்கோ அப்போதுதான் சுமார் ஐம்பது கோடி டாலருக்கு லிங்க்ஸிஸை வாங்கியிருந்தது. நிரலின் பயணம் இப்படி: பிராட்காம் சிப்போடு கிளம்பி, தைவான் சைபர்டான் கையில் பெட்டியை இயக்கும் நிரலாக, அதாவது ஃபர்ம்வேராகி, லிங்க்ஸிஸ் பெட்டிக்குள் புகுந்து, கடைசியில் சிஸ்கோவின் மடியில் விழுந்தது. இத்தனை கை மாறியும் ஒரு கைகூட உரிமத்தாளைப் புரட்டவில்லை. நெருக்கிப் பிடித்த பிறகுதான் மூலநிரல் வெளியே வந்தது.

வந்த நிரலை வைத்துக்கொண்டு சம்பளம் வாங்காத கூட்டம் ஒன்று வேலையில் இறங்கியது. 2004-இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மாற்று ஃபர்ம்வேர். அடுத்த ஆண்டு டிடி-டபிள்யூஆர்டி. அதற்குப் பின் டொமேட்டோ. பெட்டி அதேதான், ஆனால் வீடியோ காலுக்கு முன்னுரிமை, விருந்தாளிக்குத் தனி ஒய்ஃபை, ஆபீசுக்கு விபிஎன் என்று நீங்கள் விலையுயர்ந்த மாடலுக்கு ஒதுக்கி வைத்திருந்ததையெல்லாம் அது செய்ய ஆரம்பித்தது.

வள்ளல் அதைக் கண்டு பூரித்தார். 2005-இல் ஐந்தாம் பதிப்பு வந்தது. அதே பெயர், அதே நீலம், அதே கொம்பு. உள்ளே மட்டும் லினக்ஸை எடுத்துவிட்டு விஎக்ஸ்வொர்க்ஸ். 4 எம்பி ஃபிளாஷ் 2 ஆயிற்று. 16 எம்பி ராம் 8 ஆயிற்று. பெயரை நம்பி வாங்கியவன் வாயில் மண். அப்படியானால் லினக்ஸ் கேட்பவன்? அவனுக்கென்றே டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று பழைய உள்ளுறுப்புகளைப் போட்டு, விலையைக் கூட்டி வைத்து விற்றீர்கள். ஊரான் எழுதிய நிரலை ஓசியில் எடுத்து, மாட்டிக்கொண்டதும் கொடுத்து, கொடுத்ததைத் திரும்ப எடுத்து, எடுத்ததைக் கூடுதல் விலைக்கு விற்ற கைங்கரியம். கர்ணனுக்குக்கூட இந்தக் கணக்கு வராது. பத்து வருஷம் கழித்தும் அந்த ஜிஎல் விற்றுக்கொண்டிருந்தது. கம்பெனிக்கு லட்சம் லட்சமாக டாலர் தந்தது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் பாதியாக வெட்டிய அந்த 2 எம்பிக்குள்ளும் ‘மைக்ரோ’ என்று ஒரு டிடி-டபிள்யூஆர்டியைச் சுருக்கித் திணித்துக் காட்டினார்கள் அந்தச் சம்பளமில்லாதவர்கள்.

அடுத்த பட்டம் ‘ஒருபெயர் பன்முகர்’. இதற்குப் போட்டி பலம். கடைசிச் சுற்றில் டிபி-லிங்க்கின் டபிள்யூஆர்841என் முந்தியது. நம் ஊரில் ரவுட்டர் என்றாலே பலருக்கும் கண்ணில் நிற்கிற பெட்டி அது. பெயர் ஒன்று, பதிப்பு பதினான்கு. ஒவ்வொன்றிலும் உள்ளே என்ன இருக்கும் என்பது அந்தந்தப் பதிப்பின் தலைவிதி. 13-ஆம் பதிப்பில் 8 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி ராம். 14-இல்? வளர்ந்திருக்கும் என்று நினைப்பவர் உங்களை அறியாதவர். 4 எம்பி, 32 எம்பி. சரிபாதி. மாற்று ஃபர்ம்வேர் ஏற்ற நினைப்பவனுக்கு இந்த இரண்டு எண்தான் ஜாதகம். ஏற்றப்போகும் படிமம் அந்த இடத்துக்குள் அடங்க வேண்டும். அட்டைப்பெட்டியின் முகப்பில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சிரிக்கிற குடும்பம் ஒன்று படத்தில் இருக்கும். பெட்டியைப் பிரித்து, ரவுட்டரைக் கவிழ்த்து, செல்போன் டார்ச் அடித்து, ஸ்டிக்கரில் பார்கோடுக்குப் பக்கத்தில் எறும்பளவு எழுத்தில் தேடினால் ‘வெர்: 14.0’ என்று ஒதுங்கி நிற்கும்.

சென்னை ரிச்சி தெருவில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

“அண்ணே, இது எந்த வெர்ஷன்?”

“லேட்டஸ்ட்டு சார்.”

“லேட்டஸ்ட்டு வேண்டாம்ணே, அதுக்கு முந்தினது வேணும்.”

“எல்லாம் ஒண்ணுதான் சார்.”

“பிரிச்சு ஸ்டிக்கர் பார்த்துக்கட்டுமா?”

“பிரிச்சா எடுத்துக்கணும்.”

எடுத்துக்கொண்டு வந்த பிறகு அடுத்த குழப்பம் ஆரம்பம்: எந்த ஃபர்ம்வேரை ஏற்றுவது? இங்கே கொஞ்ச நேரம் கம்பெனிகளை விட்டுவிட்டு நம்மவர்களையும் கவனிப்போம்; மடல் ஒருதலையாக இருந்தால் மரியாதை இல்லை. டிடி-டபிள்யூஆர்டி ‘நிலையானது’ என்று முத்திரை குத்திக் கடைசியாக வெளியிட்டது 2008-இல். அதன் பிறகு வந்தவை எல்லாம் பீட்டா. எண் ஏறிக்கொண்டே போகும், முத்திரை வராது. தளத்தில் மாடல் பெயரைத் தட்டினால் பாட்டன் காலத்துப் படிமத்தை எடுத்து நீட்டும். அதை ஏற்றவே கூடாது என்று பழம்தின்று கொட்டை போட்டவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். டொமேட்டோ தனியொருவரின் உழைப்பு. 2010-இல் அவர் நிறுத்தினார். பிறகு ஆளுக்கொரு கிளை. இன்று உயிரோடு இருப்பது ஃப்ரெஷ்டொமேட்டோ. அதுவும் பெரும்பாலும் பிராட்காம் சிப்புக்கு. ஓப்பன்டபிள்யூஆர்டியோ பிராட்காம் ஒய்ஃபை என்றால் தள்ளி நிற்கும். திறந்த டிரைவர் கிடைக்காதே. மீடியாடெக், குவால்காம் ஏதெரோஸ் சிப் உள்ளதாகப் பார்த்து வாங்கு என்பதுதான் அங்கே முதல் பாடம். 2016-இல் ஓப்பன்டபிள்யூஆர்டியிலேயே கோஷ்டிப் பூசல் வந்து லீட் என்று ஒரு அணி பிரிந்து போனது. 2018 ஜனவரியில் சேர்ந்துவிட்டார்கள், பழைய பெயரிலேயே. சின்னத்துக்கும் கொடிக்கும் யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. நமக்கெல்லாம் இது நம்பமுடியாத வரலாறு.

ஏற்றுகிற வேலை பார்க்கச் சின்னது. கம்பெனி ஃபர்ம்வேரிலிருந்து முதல்முறை மாறும்போது ‘ஃபேக்டரி’ படிமம். ஏற்கெனவே மாறியிருந்தால் ‘சிஸ்அப்கிரேட்’ படிமம். இதை மாற்றி அதை ஏற்றினால் செங்கல். ஒய்ஃபையில் செய்யக்கூடாது, லேன் வயர் குத்தித்தான். இறக்கிய கோப்பின் எஸ்ஹெச்ஏ256 எண்ணை ஒத்துப் பார்க்க வேண்டும். யுபிஎஸ் இல்லாமல் ஆரம்பித்தவனுக்குச் சரியாக எழுபது சதவீதத்தில் கரண்ட் போகும். செத்துவிட்டதா? டிபி-லிங்க்கின் பல மாடல்களில் ஒரு சஞ்சீவினி உண்டு. கணினிக்கு 192.168.0.66 என்று முகவரி கொடுத்து, டிஎஃப்டிபி சர்வரை ஓடவிட்டு, ரவுட்டர் தேடும் பெயரிலேயே கோப்பை வைத்து, ரீசெட் பொத்தானை ஊக்கால் அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போட வேண்டும். பெட்டி தானாகக் கை நீட்டிக் கோப்பை எடுத்துக்கொள்வது திரையில் ஒரு வரியாக ஓடும். அந்த ஒரு வரியைப் பார்த்தவனுக்குத் தெரியும் அந்தச் சுகம்.

அதோடு முடிந்ததா? முடிந்தது என்று நினைப்பவர்கள்மேல்தான் எனக்கு ஆத்திரம். 2016-இல் ஏற்றினேன், இன்றுவரை ஒரு தொந்தரவு இல்லை என்று மார்தட்டும் வீரர்களே, உங்கள் ரவுட்டருக்கும் கம்பெனி கைவிட்ட ரவுட்டருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. கம்பெனி செய்த அதே துரோகத்தை உங்கள் கையாலேயே செய்துகொண்டிருக்கிறீர்கள். ஓப்பன்டபிள்யூஆர்டியின் 21.02 வெளியீடு 2021-இல் வந்தபோது, பல சாதனங்களில் சுவிட்ச் போர்ட்டுகளைக் கையாளும் முறையே மாறிப் பழைய அமைப்புகள் ஒவ்வாமல் போயின; 8 எம்பி ஃபிளாஷும் 64 எம்பி ராமும் இல்லாத பெட்டிகள் வாசலிலேயே நிறுத்தப்பட்டன. அடுத்த ஆண்டின் 22.03-இல் ஃபயர்வால் ஐபிடேபிள்ஸிலிருந்து என்எஃப்டேபிள்ஸுக்குப் போயிற்று. வெளியீட்டுக் குறிப்பைப் படித்து, கூடுதலாகப் போட்ட பொதிகளைக் குறித்து வைத்து, அமைப்புகளை நகலெடுத்து, பிறகுதான் கை வைக்க வேண்டும். வலிக்கும். மாற்று ஃபர்ம்வேர் என்பதே இந்த வலிதான். ஏற்றுவது ஒரு மதியம்; பார்த்துக்கொள்வது பெட்டி சாகும் வரை.

நம்மவர்களில் இன்னொரு ரகம், நாடு என்ற இடத்தில் வேறு நாட்டுப் பெயரைப் போட்டு அலைபரப்பும் சக்தியை ஏற்றி, மூன்று தெரு தாண்டி ஒய்ஃபை எடுக்கிறது பார் என்று வீடியோ போடுகிறவர்கள். இவர்கள் செய்த உபகாரம் பின்னால் வரும்.

இப்போது நடுநாயகமான பட்டம்: ‘பின்வாசல் பெருந்தகை’. பெறுபவர் டி-லிங்க். 2013 அக்டோபரில் கிரெய்க் ஹெஃப்னர் என்ற ஆய்வாளர் டி-லிங்க் ஃபர்ம்வேர் ஒன்றைப் பிரித்துப் படித்தார். உலாவி தன் பெயரைச் சொல்லும் இடத்தில் ஒரு குறிப்பிட்ட எழுத்துக்கோவையைச் சொன்னால் போதும். ரவுட்டர் கடவுச்சொல்லே கேட்காமல் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து விட்டது. அந்தக் கோவையின் பின்பகுதியைக் கடைசியிலிருந்து படித்தால் ‘எடிட் பை 04882 ஜோயல் பேக்டோர்’ என்று வருகிறது. திருடன்கூடத் தன் பெயரைச் சுவரில் எழுதிவிட்டுப் போகமாட்டான். ஜோயல் தலைகீழாக எழுதிவைத்தார், அவ்வளவு அடக்கம்.

ஆனால் கலை என்றால் செர்காம் செய்ததுதான் கலை. இவர்கள் செய்து கொடுத்த பெட்டிகள் லிங்க்ஸிஸ், நெட்கியர் பெயர்களில் விற்றன. 32764 என்ற போர்ட்டில் ஒரு பின்வாசல் திறந்தே கிடப்பதை 2013 கிறிஸ்துமஸ் விடுமுறையில் எலுவா வாண்டர்பெகன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் கண்டுபிடித்துச் சொன்னார். ஊரே கூடிக் கத்தியதும் சரிசெய்த ஃபர்ம்வேர் வந்தது. 2014 ஏப்ரலில் அதையும் அவரே பிரித்துப் பார்த்தார். கதவை அடைக்கவில்லை, தாழ்ப்பாள் போட்டு, தட்டத் தெரிந்தவன் தட்டினால் திறக்கும்படி செய்திருந்தார்கள். ஒரு சிறப்புப் பொட்டலத்தை அனுப்பினால் பழைய பின்வாசல் பணிவோடு எழுந்து நிற்கும். தவறு செய்வது மனித இயல்பு என்பார்கள். தவறைப் பிடித்துக் கொடுத்த பிறகு அதை இன்னும் பத்திரமாக ஒளித்து வைப்பதற்கு உட்கார்ந்து யோசிக்க வேண்டும், கூட்டம் போட வேண்டும், ஒருவர் எழுத வேண்டும், ஒருவர் சரிபார்க்க வேண்டும், ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். இவர்கள் அத்தனை பேருக்கும் மாதச் சம்பளம் உண்டு.

சோம்பேறித்தனத்துக்கும் ஒரு பட்டம் வைத்திருந்தேன். பெறுபவர் பட்டியல் நீண்டுவிட்டதால் கூட்டாகப் பெற்றுக்கொள்ளவும். ரோம்பேஜர் என்ற சின்ன வலை சேவையக நிரலை ரவுட்டருக்குள் போட்டு விற்றீர்கள். அதில் இருந்த ஓட்டையை எழுதியவர்கள் 2005-லேயே அடைத்துவிட்டார்கள். 2014 டிசம்பரில் செக்பாயின்ட் நிறுவனம் உலகம் முழுக்கத் தேடிப் பார்த்தபோது 1 கோடியே 20 லட்சம் சாதனங்களில் அடைபடாத பழைய நிரலே ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷம். தயாராக இருந்த மருந்தை எடுத்து ஊட்டவில்லை, அவ்வளவுதான் நடந்தது. ஏசஸ் கம்பெனியின் வழக்கு இன்னும் நயம். புதுப்பிப்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். புதிய ஃபர்ம்வேர் வெளியாகியிருந்தபோதும், உங்களிடம் இருப்பதே புதிது என்று அந்தப் பொத்தான் பல நேரம் பதில் சொன்னதாக அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி. 2016-இல் போட்ட புகாரில் இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு வெளித்தணிக்கைக்கு உட்படுவதாக ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

இவற்றின் பலனை யார் அறுத்தது? 2016-இல் மிராய் என்ற தீநிரல் அறுபது சொச்சம் ஆலைக் கடவுச்சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு கிளம்பியது. ‘அட்மின், அட்மின்’ ரகம். கேமராவும் ரவுட்டரும் லட்சக்கணக்கில் விழுந்தன. அக்டோபர் 21-ஆம் தேதி தளப் பெயர்களை இணைய முகவரியாக மாற்றித் தரும் டைன் என்ற கம்பெனியை அந்தப் படை தாக்கியபோது அமெரிக்காவில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் திணறின. 2017 ஜூலையில் நம்மூர் பிஎஸ்என்எல் மோடம்கள் ஆயிரக்கணக்கில் சுருண்டன. அங்கேயும் மாற்றப்படாத ஆலைக் கடவுச்சொல்தான். 2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல்: 54 நாடுகள், 5 லட்சம் பெட்டிகள். அப்போது எஃப்.பி.ஐ. உலகத்துக்கு விடுத்த அறிவுரை என்ன தெரியுமா? ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். நம் தெரு கேபிள்காரத் தம்பி காலங்காலமாகச் சொல்லி வருவதை வாஷிங்டன் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தது.

சரி, இத்தனைக்கும் பிறகு அரசாங்கத்தின் கோபம் யார்மேல் பாய்ந்திருக்க வேண்டும்? 2015 மார்ச்சில் அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. ஒரு வழிகாட்டுக் குறிப்பை வெளியிட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சில ஒய்ஃபை சாதனங்கள் விமான நிலைய வானிலை ரேடாருக்கு இடைஞ்சல் செய்கின்றன. ஆகவே கம்பெனிகளே, டிடி-டபிள்யூஆர்டி போன்ற மூன்றாம் தரப்பு ஃபர்ம்வேரை யாரும் ஏற்றிவிடாமல் உங்கள் பெட்டியை எப்படிக் காக்கிறீர்கள் என்று விளக்குங்கள். பெயரைச் சொல்லியே கேட்டார்கள். ஜோயலின் பெயர் அதில் இல்லை. 32764 இல்லை. ரோம்பேஜர் இல்லை. ஊர்க் குளத்தில் சாயக்கழிவைத் திறந்து விடுகிற ஆலையை விட்டுவிட்டு, தூர்வாரப் போனவர்கள்மேல் அத்துமீறி நுழைந்ததாக வழக்குப் போட்ட கதை. சக்தியை ஏற்றி வீடியோ போட்ட நம் வீரர்கள் எடுத்துக் கொடுத்த தடி அது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கம்பெனிகளுக்கு இதைவிட நல்ல சேதி உண்டா? ரேடியோவை மட்டும் பூட்டச் சொன்னால் ரேடியோவை மட்டும் பூட்ட உழைக்க வேண்டும். வாசலையே பூட்டிவிட்டால் செலவு மிச்சம்; பழியும் அரசாங்கத்தின் தலையில். டிபி-லிங்க் அமெரிக்காவில் அப்படித்தான் பூட்டியது. இங்கேதான் ஒரு வேடிக்கை. 2016 ஆகஸ்டில் அதே டிபி-லிங்க் எஃப்.சி.சி.யிடம் 2 லட்சம் டாலர் கட்டியது. குற்றம்: நாட்டுப் பெயரை மாற்றிச் சக்தியை வரம்புக்கு மேல் ஏற்றும் வசதி. அந்த வசதி இருந்தது எந்த ஃபர்ம்வேரில்? கம்பெனி தானே எழுதி, தானே ஏற்றி, தானே விற்ற ஃபர்ம்வேரில்! எந்தக் குற்றத்தின் பெயரால் மாற்று ஃபர்ம்வேரைத் துரத்தினார்களோ, அந்தக் குற்றத்துக்கு அபராதம் கட்டியது ஒரிஜினல் ஃபர்ம்வேர். திறமூலக்காரர்களோடு சேர்ந்து வேலை செய்வேன் என்றும் அதே உடன்பாட்டில் எழுதி வாங்கினார்கள்.

2015 அக்டோபரில் இணையத்தின் தந்தையரில் ஒருவரான வின்ட் செர்ஃப், டேவ் டாட் உட்பட 260 பேர் எஃப்.சி.சி.க்கு ஒரு கடிதம் எழுதினார்கள். ரேடியோவைப் பத்திரமாக்க வேண்டுமா? மூலநிரலைப் பொதுவில் வைக்கச் சொல்லுங்கள். ஓட்டை தெரிந்த 45 நாளுக்குள் அடைக்கச் சொல்லுங்கள். செய்யாதவனின் அனுமதியைப் பிடுங்குங்கள். எவ்வளவு நியாயம்! நவம்பரில் எஃப்.சி.சி. டிடி-டபிள்யூஆர்டியின் பெயரை மட்டும் குறிப்பிலிருந்து எடுத்துவிட்டு, வார்த்தையைத் திருத்திக்கொண்டது. 45 நாள் கோரிக்கை காற்றோடு போயிற்று.

அந்த டேவ் டாட் யார் என்று சொல்லாமல் போனால் பாவம். ஒருவர் வீடியோவை மேலேற்றினால் அதே வீட்டில் இன்னொருவரின் ஆன்லைன் வகுப்பு திக்கித் திணறுமே, அதற்குக் காரணம் பெரும்பாலும் லைன் இல்லை. பெட்டிக்குள் அளவுக்கு மீறி நீண்டு கிடக்கும் வரிசை. அந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் எஃப்கியூ-கோடல், கேக் போன்ற முறைகளுக்குப் பின்னால் இருந்த சிறு கூட்டத்தில் அவர் முன்னணி. சோதனைக் களமாக அவர்கள் வைத்துக்கொண்டது ஓப்பன்டபிள்யூஆர்டியின் ஒரு கிளையை. இன்று அதில் எஸ்கியூஎம் என்ற பொதியைப் போட்டு, லைன் வேகத்தில் தொண்ணூறு சதவீதத்தை எழுதிச் சேமித்தால் அந்தத் திணறல் நிற்கிறது. காசு கிடையாது. நீங்களோ ‘கேமிங்’ என்று எழுதி, எட்டுக் கொம்பு நட்டு, சிவப்பு விளக்குப் போட்டு முப்பதாயிரம் ரூபாய்க்கு விற்கிறீர்கள். டேவ் டாட் 2025 ஏப்ரலில் இறந்துபோனார்.

திறமூலம் என்றால் ஓட்டையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2024 டிசம்பரில் ஓப்பன்டபிள்யூஆர்டிக்குப் படிமம் கட்டித் தரும் சேவையகத்திலேயே ஓட்டை கண்டுபிடித்தார்கள். சரிபார்க்கும் எண்ணைப் பன்னிரண்டு எழுத்தாக வெட்டி வைத்திருந்த அசட்டுத்தனம். தகவல் வந்த சில மணி நேரத்தில் அடைத்தார்கள். எங்கே தவறினோம் என்று ஊரறிய எழுதினார்கள். சந்தேகத்துக்கு ஒருமுறை திரும்ப ஏற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். சேதி அவ்வளவே. இதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துவிட்டு வந்து செய்கிறவர்கள். செர்காம் பக்கத்துக்கு ஒரு முறை திரும்பிப் போய் வாருங்கள்.

கடைசிப் பட்டம் மறுபடியும் டி-லிங்க்குக்குப் போவதில் விழாக்குழுவுக்குச் சங்கடம்தான்; ஆனாலும் தகுதி என்று ஒன்று இருக்கிறதே. 2024 நவம்பரில், டிஎஸ்ஆர் வரிசையின் பழைய விபிஎன் ரவுட்டர்களில் தூரத்திலிருந்தே உள்ளே புகுந்துவிடக்கூடிய ஓட்டை இருக்கிறது என்று கம்பெனியே அறிவித்தது. அடைக்க மாட்டோம், ஆயுள் முடிந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள். கூடவே அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு ஒரு இனிப்பு: புதியது வாங்கினால் 20 சதவீதம் தள்ளுபடி. ‘தள்ளுபடித் தருமர்’ என்ற பட்டத்தைத் தவிர வேறு என்ன கொடுக்க? ஓட்டைப் பொருளை விற்றவன், ஓட்டை என்று தெரிந்த நாளில் இன்னொரு வியாபாரம் செய்துகொள்ள உலகத்தில் வேறெந்தத் தொழிலில் வழியிருக்கிறது? 2025 மே மாதம் எஃப்.பி.ஐ. வெளியிட்ட எச்சரிக்கை இந்த ‘ஆயுள் முடிந்த’ பெட்டிகளைப் பற்றியதுதான். பழைய லிங்க்ஸிஸ் மாடல்களில் குடியேறிய கும்பல், அந்த வீடுகளின் முகவரியை முகமூடியாக வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்காரருக்கு வாடகையும் வரவில்லை, விஷயமும் தெரியவில்லை. விளக்கு பச்சையாகத்தான் சிமிட்டியது.

ஆயுள் என்கிறீர்களே, எதன் ஆயுள்? மின்தேக்கி வெடிக்கவில்லை, ஆன்டெனா ஒடியவில்லை, அடாப்டர் சூடேறவில்லை. முடிந்தது உங்கள் அக்கறை. அதற்குப் பெட்டியின் மேல் ஏன் மரணச் சான்றிதழ் ஒட்டுகிறீர்கள்? பிரிட்டனில் 2024 ஏப்ரலில் வந்த சட்டம், எத்தனை காலம் பார்த்துக்கொள்வாய் என்று விற்கும்போதே சொல்லிவிடு என்கிறது. எத்தனை காலம் என்பதை உங்கள் மனசாட்சிக்கே விட்டுவிட்டது. யார் மனசாட்சிக்கு! ஐரோப்பிய ஒன்றியத்தின் புதுச் சட்டம் பொதுவாக ஐந்து ஆண்டாவது பார்த்துக்கொள் என்கிறது. அது முழுதாக நடைமுறைக்கு வருவது 2027 டிசம்பரில்.

நம்மூரில் ஃபைபர் இழுத்த வீடுகள் பலவற்றில் இந்தத் தேர்ந்தெடுக்கும் தொல்லையே இல்லை. ஃபைபர்காரர் கொண்டுவந்து மாட்டும் ஓஎன்டிதான் ரவுட்டரும். வாடிக்கையாளரின் கணக்கில் நுழைந்தால் ஒய்ஃபை பெயரை மாற்றலாம், கடவுச்சொல் மாற்றலாம், அதற்கு மேல் கதவில்லை. உள்ளறைச் சாவி கம்பெனியிடம். டிஆர்-069 என்ற நெறிமுறை வழியாக அவர்கள் தூரத்திலிருந்தே உங்கள் வீட்டுப் பெட்டியைத் திருகலாம்.

“தம்பி, இதோட அட்மின் பாஸ்வேர்டு கொஞ்சம் வேணுமே.”

“அது தர மாட்டாங்க சார். என்ன பண்ணணும்னு சொல்லுங்க, ஆபீஸ்ல சொல்லிப் பண்ணித் தரேன்.”

“பிரிட்ஜ் மோடுல போட்டுக் குடுங்க. என் ரவுட்டரை நான் மாட்டிக்கறேன்.”

“எதுக்கு சார்? இதுலயே நல்லாத்தான ஸ்பீடு வருது?”

ஜெர்மனியில் இப்படிப் பெட்டியைத் திணிப்பதைச் சட்டம் போட்டு நிறுத்தி, 2016 ஆகஸ்ட் 1 முதல் எந்த ரவுட்டரை மாட்டுவது என்ற உரிமையை வீட்டுக்காரரிடமே கொடுத்தார்கள். அங்கே இணையம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

உங்களை நம்பிப் பயனில்லை என்று அந்தச் சம்பளமில்லாதவர்கள் கடைசியில் சொந்தமாகவே ஒரு ரவுட்டரைச் செய்துவிட்டார்கள். 2024 கடைசியில் வந்தது, ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் என்று பெயர், அப்போது விலை 89 டாலர். அதன் பலகையில் ஒரு சின்ன சுவிட்ச். படிமம் கெட்டுப்போனால் அதை நகர்த்தி, தனியே எழுதிவைத்த இன்னொரு ஃபிளாஷிலிருந்து பெட்டியை எழுப்பிக்கொள்ளலாம். பெட்டி செங்கலாவதைத் தடுக்க இத்தனை காலம் கோடிக்கணக்கில் பெட்டி விற்ற உங்களுக்குத் தோன்றாமல்போனது இந்தச் சில்லறைக் காசு சுவிட்ச்.

மடலோடு ஒரு மனுவையும் இணைத்திருக்கிறோம். ஒரு மாடலைச் செத்துவிட்டது என்று அறிவிக்கும் அதே நாளில், அதன் பூட்லோடர் சாவியையும் ஜிபிஎல் மூலநிரலையும் முழுதாக வெளியே வையுங்கள். ஓட்டையை நீங்கள் அடைக்க வேண்டாம். அடைப்பவர்கள் இருக்கிறார்கள், உங்களிடம் சம்பளமும் கேட்கவில்லை. வழியை மறிக்காமல் நகர்ந்து நின்றால் போதும். அதற்கும் மனசு வராது என்றால், அந்த 20 சதவீதத் தள்ளுபடியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.